தடுப்பூசி அட்டையின் தேதிகள்: முதல் முறை பெற்றோர் ஆனவர்களுக்கு

பிரசவம் முடிந்து வீடு திரும்பும்போது குழந்தையோடு கூடவே ஓர் அட்டையும் வந்து சேரும். கட்டம் கட்டமாகத் தடுப்பூசிகளின் பெயர்கள், எதிரே தேதி எழுத இடம். ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி, ஒன்பது மாத ஊசி, ஒன்றரை வயது ஊசி, ஐந்து வயது ஊசி என்று நம் வீடுகளில் சொல்வதெல்லாம் அந்தக் கட்டங்களைத்தான். தேதி வந்தால் தூக்கிக்கொண்டு போவோம், தள்ளிப்போனால் நர்ஸம்மாவிடம் திட்டு வாங்குவோம். அதற்கு மேல் அந்தத் தேதிகளைப் பற்றி யாரும் நமக்குச் சொல்வதில்லை.

ஆனால் அவற்றுக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. சில தேதிகளை முந்தக் கூடாது. சிலவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. இன்னும் சிலவற்றில் தேதியை விட இரண்டு ஊசிக்கு நடுவே உள்ள இடைவெளிதான் முக்கியம். எது எந்த வகை என்று தெரிந்துவிட்டால், நடுவில் காதுகுத்து, ஊர்ப்பயணம், சளி, காய்ச்சல் என்று எது வந்தாலும் குழம்ப வேண்டியதில்லை.

நான் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் போடப்படும் தேசிய அட்டவணை. தனியார் மருத்துவமனையில் போடுபவர்களுக்கான விஷயங்கள் பின்னால் வருகின்றன.

முதலில், அட்டவணை போடுபவர்கள் பார்க்கும் மூன்று விஷயங்கள்

நோய் எந்த வயதில் தாக்கும் என்பது ஒன்று. கக்குவான் இருமலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அது வாரக்கணக்கில் விடாத இருமல். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு மூச்சே நின்றுபோகும். அந்த நோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுக் குழந்தைகள்தான். ஆகவே அந்த ஊசி பிறந்த ஆறாவது வாரத்திலேயே தொடங்கியாக வேண்டும்.

குழந்தையின் உடல் எப்போது தயாராகிறது என்பது அடுத்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. பிறந்த பிறகு சில மாதங்கள் அவைதான் காவல். ஆனால் அதே எதிர்ப்புப் பொருள்கள், நாம் போடும் தடுப்பூசியையும் நோய்க்கிருமி என்று நினைத்து அழித்துவிடும். குழந்தையின் சொந்த உடல் அதைப் பார்த்துப் பழகுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. தட்டம்மை ஊசியில் இது பெரிய சிக்கல்.

இடைவெளி மூன்றாவது. முதல் ஊசி போட்டதும், நிணநீர் முடிச்சுகளுக்குள் கிருமியை அடையாளம் காணும் செல்கள் பெருகி, ஒன்றோடொன்று போட்டி போடத் தொடங்குகின்றன. கிருமியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் செல்கள் மட்டும் நிலைக்கின்றன. மற்றவை மடிகின்றன. இதற்கு வாரங்கள் ஆகும். அது முடிந்த பிறகும், எஞ்சிய நினைவுச் செல்கள் மாதக்கணக்கில் மெருகேறிக்கொண்டே இருக்கும். மாவு அரைத்த கையோடு இட்லி ஊற்ற முடியாது அல்லவா, அது மாதிரிதான். அவசரப்பட்டு அடுத்த ஊசியை இரண்டு வாரத்திலேயே போட்டால், முதல் ஊசியின் வேலை பாதியில் இருக்கும்போது இரண்டாவது போய் நிற்கும். பலன் குறைவு. நான்கு வாரம் என்ற குறைந்தபட்ச இடைவெளி இப்படித்தான் வந்தது.

சிக்கல் என்னவென்றால், இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று இழுபறி. உடல் நன்றாகக் கற்க வேண்டுமென்றால் தாமதமாகத் தொடங்கி, இடைவெளியை நீட்ட வேண்டும். நோயை முந்த வேண்டுமென்றால் சீக்கிரம் தொடங்கி, நெருக்கமாகப் போட வேண்டும். அமெரிக்காவில் 2, 4, 6 மாதங்களில் போடும் அதே மூன்று ஊசியை இந்தியாவில் 6, 10, 14 வாரங்களில் போடுகிறோம். அளந்து பார்த்தால் அமெரிக்க முறையில் எதிர்ப்புப் பொருளின் அளவு கூடுதலாகவே இருக்கும். ஆனால் இங்கே மூன்றரை மாதத்துக்குள் குழந்தைக்கு மூன்று ஊசியும் முடிந்துவிடுகிறது. பிரிட்டனும் 1990இல் 3, 5, 10 மாதம் என்றிருந்ததை 2, 3, 4 மாதம் என்று முன்னுக்குக் கொண்டுவந்தது. எந்த நாட்டு அட்டவணை சரி என்று கேட்டால், அந்தந்த ஊரில் நோய் எவ்வளவு சீக்கிரம் வாசலுக்கு வருகிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் வீட்டு அட்டையை வாட்ஸப்பில் வாங்கி நம் அட்டையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

படி 1: பிறப்பதற்கு முன்பே

குழந்தையின் முதல் பாதுகாப்பு தாய்க்குப் போடும் ஊசியில் தொடங்குகிறது. ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரான டிடி ஊசி, கர்ப்பம் தெரிந்ததும் ஒன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. முந்தைய பிரசவம் மூன்று ஆண்டுகளுக்குள் என்றால், அப்போது இரண்டும் போட்டிருந்தால், இந்த முறை ஒரே ஒரு பூஸ்டர் போதும். தொப்புள்கொடி வழியாகப் பச்சிளம் குழந்தைக்கு வரும் ரண ஜன்னி ஒரு காலத்தில் இந்தியாவில் பெரும் எமன். 2015இல் அது பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதில் தாய்மாருக்குப் போட்ட இந்தச் சின்ன ஊசிக்கும் பெரிய பங்கு உண்டு.

குறைமாதக் குழந்தை பிறந்தவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிர்ப்புப் பொருள் கைமாறுவது கடைசி மூன்று மாதங்களில்தான் என்பதால், முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அந்த இருப்பு குறைவு. "எடை ஏறட்டும், அப்புறம் போடலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் அந்தக் குழந்தைக்குத்தான் ஊசி அதிக அவசரம். ஒன்றரை மாத ஊசியிலிருந்து எல்லாவற்றையும் பிறந்த தேதியிலிருந்து எண்ணித்தான் போட வேண்டும். பிறந்திருக்க வேண்டிய தேதியை வைத்துக் கணக்கிடக் கூடாது.

படி 2: முதல் 24 மணி நேரம்

பிறந்தவுடன் மூன்று: மஞ்சள் காமாலை பி ஊசி, காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு மருந்து. மூன்றும் ஒரே நாளில் போட்டுவிடுவார்கள். ஆனால் மூன்றின் அவசரமும் ஒன்றல்ல.

பிசிஜியை ஒரு வயது வரைக்கும் போடலாம். பிறப்புச் சொட்டு மருந்துக்கு 15 நாள் அவகாசம் உண்டு. மஞ்சள் காமாலை பி ஊசிக்கு மட்டும் 24 மணி நேரம்தான். இந்த அட்டையிலேயே மணிக்கணக்கில் ஓடும் ஊசி இது ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு அவசரம்? தாயின் உடலில் அந்த வைரஸ் இருந்தால், பிரசவத்தின்போதே அது குழந்தைக்குத் தொற்றும். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலோர் உடல் அதை வெளியேற்றிவிடும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் முழுக்கக் கல்லீரலில் தங்கிவிடும். முப்பது, நாற்பது வயதுக்கு மேல் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ தலைகாட்டும். வைரஸ் கல்லீரலில் காலூன்றுவதற்கு முன் ஊசி போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் விஷயம். தாய்க்குப் பரிசோதனையில் "இல்லை" என்று வந்திருந்தாலும் இந்த ஊசியை விட வேண்டாம். ஒன்றரை மாதத்தில் ஐந்து நோய் ஊசியில் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் பாக்டீரியா) இதுவும் சேர்ந்து வரும் என்பது உண்மைதான், ஆனால் அது அந்த முதல் நாளுக்கு ஈடாகாது.

எனவே நீங்கள் செய்ய வேண்டியது: இரவில் பிறந்தாலும், ஞாயிற்றுக்கிழமை பிறந்தாலும், சிறிய மருத்துவமனை என்றாலும், "மஞ்சள் காமாலை ஊசி போட்டாச்சா?" என்று கேளுங்கள். அட்டையில் தேதியோடு நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் போடுகிறோம் என்றால், இப்போதே போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பிசிஜி போட்ட இடது கையில் சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் வரும், உடையும், பிறகு தழும்பாகும். மஞ்சள் வைக்க வேண்டாம், மருந்து தடவ வேண்டாம். தழும்பே வராவிட்டாலும் மறுபடி போடத் தேவையில்லை.

பிறப்புச் சொட்டு மருந்தை அட்டையில் பூஜ்யம் என்று குறித்திருப்பார்கள். அது கூடுதல் பாதுகாப்பு, வரிசையில் சேராது. நம் ஊர்க் குழந்தைகளுக்கு இத்தனை முறை சொட்டு மருந்து எதற்கு என்ற கேள்விக்கு விடை வேலூரிலிருந்து வந்தது. அங்கே கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970களில் செய்த ஆய்வுகள், மேற்கத்திய நாடுகளில் மூன்று தவணையிலேயே நன்றாக வேலை செய்த சொட்டு மருந்து இங்குள்ள குழந்தைகளிடம் அந்த அளவு வேலை செய்யவில்லை என்று காட்டின. தவணைகளைக் கூட்டிக் கூட்டித்தான் போலியோவைத் துரத்த முடிந்தது. நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. முகாமில் கொடுக்கும் சொட்டு மருந்து, அட்டையில் உள்ள தவணைக்கு மாற்றாகாது. இரண்டும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி பார்க்கவும் தேவையில்லை.

படி 3: ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதம்

இங்கேதான் நம் வீடுகளில் தேதிகள் அதிகம் சறுக்குகின்றன. காரணம் எளிது. பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். ஒன்றரை மாத ஊசி அங்கே. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்து மாமியார் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். நடுவே ஆடி வரும். இரண்டரை மாத ஊசி எந்த ஊரில் என்று இரண்டு பக்கமும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றரை மாதம் தாண்டியிருக்கும்.

இதற்கு வழி: அட்டையைப் பெண்ணின் கைப்பையிலேயே வைத்திருங்கள், பீரோவில் பூட்டிவைக்க வேண்டாம். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணைக் கைபேசியில் சேமித்து வையுங்கள். எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், துணை சுகாதார நிலையத்திலும் அட்டையைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம். முகவரி அந்த ஊர்தானா என்று பார்த்துத் திருப்பி அனுப்பும் விஷயம் இல்லை இது. இப்போது யு-வின் என்ற தேசிய இணையப் பதிவும் இருப்பதால் வேறு மாநிலத்தில் போட்டாலும் கணக்கு தொடரும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் தவணைகள் சில, குழந்தைக்கு இந்த ஊசிகள் முடிவதோடு இணைக்கப்பட்டவை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி நாள் எண்ணும் முறை. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள் வழக்கமாகப் புதன்கிழமை. ஒன்றரை மாத ஊசிக்குக் குழந்தைக்கு 42 நாள் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பிறந்த குழந்தைக்கு 42ஆம் நாளும் வெள்ளிதான். அதற்கு முந்தைய புதன் 40ஆம் நாள். அன்று போனால் "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், அவர்கள் செய்வது சரி. ஐந்து நாள் தள்ளி 47ஆம் நாளில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த ஊசிக்குப் பிறந்த தேதியை மறந்துவிடுங்கள். முந்தைய ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணுங்கள். நடுவில் மூன்று புதன் விட்டு நான்காவது புதன் போனால் சரியாக 28 நாள். முதல் ஊசி மூன்று மாதத்தில்தான் போட முடிந்தது என்றால், "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று அடுத்ததை இரண்டு வாரத்தில் போடக் கூடாது. அங்கேயும் 28 நாள்தான். தாமதத்தைச் சரிக்கட்ட இடைவெளியைச் சுருக்குவது, செய்யக்கூடிய தவறுகளிலேயே மோசமானது. சுருக்கிப் போட்ட ஊசி கணக்கில் சேராமல் போகலாம்.

இடைவெளியின் மகிமையைப் பார்க்க அட்டையையே கூர்ந்து பாருங்கள். ஐந்து நோய்களுக்கான ஊசி, கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து, போலியோ சொட்டு மருந்து மூன்றும் 6, 10, 14 வாரங்களில் வரும். நிமோனியா ஊசியும், கையில் போடும் போலியோ ஊசியும் 10ஆம் வாரத்தில் இருக்காது. 6, 14 வாரங்களில் மட்டும் போட்டு, ஒன்பதாம் மாதத்தில் மூன்றாவது. போலியோ ஊசியில் 0.1 மில்லி மருந்தைத்தான் தோலுக்குள் செலுத்துகிறார்கள். வழக்கமான அளவில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு குறைந்த மருந்து வேலை செய்வதற்கு ஒரு காரணம் தோலில் எதிர்ப்புச் செல்கள் மிகுதி என்பது. இன்னொரு காரணம் எட்டு வார இடைவெளி. போலியோ ஊசியின் ஒன்பதாம் மாதத் தவணை 2023 ஜனவரியில்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே மூத்த பிள்ளையின் அட்டையில் அது இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

ஒரே நாளில் இரண்டு தொடையிலும் கையிலும் ஊசி, வாயில் இரண்டு சொட்டு மருந்து என்று பார்க்கும்போது பாட்டிமார்களுக்கு மனசு பொறுக்காது. "பாதி இன்னைக்கு, பாதி அடுத்த வாரம்" என்று கேட்பார்கள். ஒன்றாகப் போடுவதால் எதிர்ப்புச் சக்தி குறைவதில்லை. பிரித்துப் போட்டால் பிள்ளைக்கு இரண்டு முறை அழுகை, உங்களுக்கு இரண்டு நாள் வேலை இழப்பு, நடுவில் ஒரு வாரம் பாதுகாப்பு இல்லாத இடைவெளி. லாபம் ஒன்றும் இல்லை.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துக்கு வயது உச்சவரம்பு இருக்கிறது, அதை மட்டும் தவறவிடாதீர்கள். அரசுத் திட்டத்தில் முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். தனியாரில் கிடைக்கும் சில வகைகளுக்கு 15 வாரத்துக்குள்ளேயே தொடங்க வேண்டும் என்ற கெடு உண்டு. குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும் அரிய சிக்கல் குழந்தைகளுக்கு நான்கு மாதத்துக்கு மேல் இயல்பாகவே கூடுதலாக வரும். அந்த வயதோடு மருந்து மோதாமல் இருப்பதற்கான முன்னெச்சரிக்கை இது. தவிர, அந்த வயிற்றுப்போக்கு மோசமாகத் தாக்குவதும் முதல் ஒரு வருடத்தில்தான். தாமதமாகக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டிய காலமே கழிந்திருக்கும்.

படி 4: தவறிவிட்டால்

நடுவில் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. இது பலருக்குத் தெரியாததால்தான் "இனிமேல் போய் என்ன பிரயோஜனம்" என்று இருந்துவிடுகிறார்கள். நினைவுச் செல்கள் காத்திருக்கும். இடைவெளி நீண்டதால் அவை மறந்துவிடுவதில்லை. எங்கே விட்டீர்களோ அங்கிருந்து தொடரலாம். குறைபாடு எங்கே என்றால், அந்த இடைப்பட்ட காலத்தில் குழந்தைக்குப் பாதுகாப்பு அரைகுறையாக இருந்தது என்பதுதான்.

வயது வரம்புகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பிசிஜி ஒரு வயது வரை. ஐந்து நோய் ஊசியை ஒரு வயதுக்குள் ஒரு தவணையாவது போட்டிருந்தால், மீதியை அதற்குப் பிறகும் முடிக்கலாம். தொடங்கவே இல்லை என்றால் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்குமான டிபிடி ஊசியாகப் போடுவார்கள், அது ஏழு வயது வரை. சொட்டு மருந்தும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் ஐந்து வயது வரை. எந்த வயதில் போனாலும் போட ஏதாவது மிச்சம் இருக்கும், கூச்சப்படாமல் போங்கள்.

சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவு உடம்பு சரியில்லை என்றால்தான் தள்ளலாம். முந்தைய ஊசிக்குப் பிறகு வலிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பதும் இதற்காகத்தான்.

காய்ச்சல் மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊசிக்கு முன்பே பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் கிளம்பும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. செக் குடியரசில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், முன்னெச்சரிக்கையாக அந்த மருந்தைத் தொடர்ந்து கொடுத்த குழந்தைகளுக்கு எதிர்ப்புப் பொருள் சற்றுக் குறைவாகவே உருவானது. பெரிய பாதிப்பு இல்லைதான். ஆனாலும் காய்ச்சல் வந்த பிறகு, எடைக்கு ஏற்ற அளவைக் கேட்டுக் கொடுப்பதே நல்லது.

படி 5: ஒன்பது மாதம், முந்தக் கூடாத ஊசி

தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் எல்லாமே நேரம்தான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் இருக்கும்வரை ஊசி பிடிக்காது. அது தீர்ந்தபின் குழந்தை வெறுங்கையோடு நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான நாளைப் பிடிக்க வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் அது ஒரே நாளில் தீராது என்பதால், எந்தத் தேதியை வைத்தாலும் சிலருக்கு அது சீக்கிரம், சிலருக்குத் தாமதம்.

ஒன்பது மாதத்தில் போட்டால் சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி உருவாகும். பன்னிரண்டு மாதத்தில் போட்டால் 95 சதவீதம் வரை போகும். தட்டம்மை அரிதான நாடுகள் பன்னிரண்டு மாதம் வரை காத்திருக்கின்றன. நாம் காத்திருக்க முடியாது, அதற்குள் தட்டம்மை வந்துவிடும். ஆக, ஒன்பது மாதம் நிறைந்த அடுத்த புதன்கிழமை போட்டுவிட வேண்டும். எட்டரை மாதத்தில் ஊருக்குப் போகிறோம், முன்கூட்டியே போட்டுவிடுங்கள் என்று கேட்காதீர்கள். ஊரில் தட்டம்மை பரவும்போது அரசே ஆறு மாதத்திலிருந்து கூடுதல் ஊசி போடச் சொல்வது உண்டு. அப்போதும் அது கணக்கில் சேராது, ஒன்பதாம் மாதம் மறுபடி போட வேண்டும்.

இதிலிருந்தே ஒன்றரை வயதில் போடும் இரண்டாவது ஊசியின் பொருளும் விளங்கும். அது பழையதை நினைவூட்டும் பூஸ்டர் என்று நினைக்கிறோம். அதன் முக்கிய வேலை, முதல் முறை பிடிக்காமல் போன அந்த 15 சதவீதக் குழந்தைகளைப் பிடிப்பது. உங்கள் பிள்ளை அந்தப் பதினைந்தில் ஒன்றா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் எல்லாருக்கும் இரண்டு.

இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. நம் பாட்டிமார்கள் தட்டம்மை வந்து தேறியவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த எதிர்ப்புப் பொருள் அதிகம். இன்றைய தாய்மார்கள் பலர் ஊசி மூலம் எதிர்ப்புப் பெற்றவர்கள். அவர்களிடமிருந்து குழந்தைக்குப் போகும் அளவு குறைவு, சீக்கிரமே தீர்ந்தும் விடுகிறது. ஒன்பது மாதத்தைத் தாண்டித் தள்ளிப்போட முன்பைவிட இப்போது இடம் குறைவு என்று பொருள்.

குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து எல்லாம் இந்த வயதையொட்டித்தான் வரும். "விசேஷம் முடியட்டும், காய்ச்சல் வந்தா பிள்ளை அழும்" என்று தள்ளுவார்கள். விசேஷத்தில்தான் நூறு பேர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். எதிர்ப்புச் சக்தி உருவாக ஊசிக்குப் பிறகு இரண்டு வாரமாவது வேண்டும். ஆகவே வயது நிறைந்திருந்தால் விசேஷத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள். தட்டம்மை ஏற்கெனவே உடம்பில் இருந்த வேறு நோய்களுக்கான எதிர்ப்பு நினைவையும் சேர்த்து அழித்துவிட்டுப் போகும் நோய். அதை இலேசாக எண்ண வேண்டாம்.

விழுப்புரம், கடலூர் போன்று நெல்வயல் சூழ்ந்த, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் உள்ள மாவட்டங்களில் அதற்கான ஊசியும் இதே நாளில் சேரும்.

படி 6: ஒன்றரை வயது, ஐந்து வயது, பத்து, பதினாறு

ஒன்பது மாத ஊசியோடு பாதிப் பேர் அட்டையை மூடிவிடுகிறார்கள். பிள்ளை நடக்கிறது, ஓடுகிறது, எல்லாம் முடிந்தது என்று தோன்றும். ஆனால் சின்ன வயதில் நெருக்கமாகப் போட்ட மூன்று ஊசி சீக்கிரம் பாதுகாப்பு கொடுக்கும், நீண்ட நாள் கொடுக்காது. மாதக்கணக்கில் மெருகேறிய நினைவுச் செல்களை மறுபடி எழுப்பும் ஊசி வந்தால்தான் அது நிலைக்கும்.

பிரிட்டனில் இதை நேரடியாகப் பார்த்தார்கள். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் பாக்டீரியாவுக்கான ஊசியை 1992இல் கொண்டுவந்தார்கள். 2, 3, 4 மாதங்களில் மூன்று தவணை, பூஸ்டர் கிடையாது. முதலில் நோய் மளமளவென்று குறைந்தது. 1990களின் கடைசியிலிருந்து ஊசி போட்ட குழந்தைகளிடமே மறுபடி ஏறத் தொடங்கியது. 2003இல் அவசரமாகப் பூஸ்டர் முகாம் நடத்தினார்கள். 2006இல் பன்னிரண்டாம் மாதப் பூஸ்டரை வழக்கமான அட்டவணையிலேயே சேர்த்தார்கள். பூஸ்டர் இல்லாத கால அட்டவணை நோய் திரும்பியதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நம் அட்டையில் 16 முதல் 24 மாதத்துக்குள் டிபிடி பூஸ்டர், சொட்டு மருந்து, இரண்டாவது தட்டம்மை-ரூபெல்லா. ஐந்து வயதில் இன்னொரு டிபிடி. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் டிடி, இது பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலேயே போடப்படும். அன்றைக்குப் பிள்ளை லீவு போட்டுவிட்டால் யாரும் தேடி வர மாட்டார்கள், நீங்கள்தான் அழைத்துப் போக வேண்டும். தொண்டை அடைப்பான் இப்போதெல்லாம் பள்ளி வயதுப் பிள்ளைகளிடமும் வளர்ந்தவர்களிடமும் தென்படுவதற்கு இந்தப் பிற்காலத் தவணைகள் விடுபடுவது முக்கியக் காரணம். சோவியத் யூனியன் உடைந்த பிறகு அந்த நாடுகளில் 1990களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. அவர்களில் கணிசமானோர் வளர்ந்தவர்கள்.

தனியார் மருத்துவமனையில் போடுபவர்களுக்கு

அங்கே சின்னம்மை, கல்லீரல் அழற்சி ஏ, டைபாய்டு, பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர் என்று அட்டவணை நீளும். அடிப்படைத் தேதிகள் ஏறக்குறைய ஒன்றுதான். அரசில் பாதி, தனியாரில் பாதி என்று போட்டாலும் தவறில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே அட்டையைக் காட்டுங்கள்.

உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசிகளுக்குத் தனி விதி உண்டு. எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் அந்த வகை. இரண்டையும் ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் நடுவே 28 நாள் விட வேண்டும். முதல் ஊசி உடம்பில் கிளப்பிவிட்ட பரபரப்பில் பத்து நாள் கழித்து வரும் இரண்டாவது கிருமி பெருகவே முடியாமல் போகும், அந்த ஊசி வீணாகும்.

"வலி இல்லாத ஊசி" என்று விளம்பரப்படுத்தப்படும் டிபிடி வகையைப் பற்றிப் பலர் கேட்பார்கள். காய்ச்சல், வீக்கம் அதில் குறைவு என்பது உண்மை. கக்குவான் இருமலுக்கு எதிரான பாதுகாப்பு அதில் சீக்கிரம் கரைகிறது என்பதும் உண்மை. அரசு நிலையத்தில் போடும், காய்ச்சல் வரவைக்கும் பழைய வகையின் பாதுகாப்பு அதைவிட நீடிக்கிறது. பணம் கொடுத்தால் எல்லாமே உயர்ந்தது என்ற எண்ணம் இந்த இடத்தில் பொருந்தாது. வலியில்லாத வகையைத் தேர்ந்தெடுத்தால் பூஸ்டர்களை ஒன்று விடாமல் போடுங்கள்.

அட்டை தொலைந்துவிட்டால்

முதலில் ஊசி போட்ட நிலையத்துக்குப் போங்கள், பதிவேட்டில் இருக்கும். பிக்மி எண்ணோ கைபேசி எண்ணோ இருந்தால் யு-வின்னில் தேடிப் பார்ப்பார்கள். எங்குமே கிடைக்கவில்லை என்றால், "போட்ட ஞாபகம்" என்பதை ஊசிக்கணக்காக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வயதுக்கு உரியவற்றை மறுபடி போடச் சொல்வார்கள். கூடுதலாக ஒரு தவணை போவதால் பொதுவாகக் கெடுதல் இல்லை, ஒரு தவணை விடுபடுவதில்தான் ஆபத்து. புது அட்டை வாங்கியதும் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து, கணவன் மனைவி இருவர் கைபேசியிலும், தாய்வீட்டில் ஒருவர் கைபேசியிலும் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் படத்தைப் புதுப்பிக்க வேண்டும். சந்தேகம் எது வந்தாலும் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.